இயந்திரத்தின் மரண வாக்குமூலம்



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "சர்வர்கள், நெட்வொர்க் கருவிகள் ஆகியவற்றின் லாக்குகளைத் திரட்ட லாக் ஷிப்பரை அமைப்பது எப்படி?" என்பது. பாடப்புத்தகத்தில் வரும் தலைப்புதான். ஆனால் என் மனத்தில் இதற்கு வேறொரு பெயர் உண்டு. இயந்திரத்தின் மரண வாக்குமூலம். ஏன் இந்தப் பெயர்? நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வளாகத்தின் நெட்வொர்க்கை நான் பராமரித்து வந்தேன். ஒருநாள் நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணி சுமாருக்கு, மைய ஸ்விட்ச் தானாக அணைந்து தானாக எழுந்தது. வளாகம் முழுவதும் சில நிமிடங்கள் இணைப்பு அறுந்தது. காலையில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: "ஏன்?" ஸ்விட்சுக்குள் நுழைந்து லாக்கைத் திறந்தோம். முதல் வரியே "சிஸ்டம் மீண்டும் தொடங்கியது" என்றது. அதற்கு முந்தைய வரி? இல்லை. விழுவதற்கு முன் அந்த ஸ்விட்ச் என்ன கண்டது, என்ன சொல்ல முயன்றது? எதுவும் இல்லை. லாக் இருந்தது அதன் தற்காலிக நினைவகத்தில். மின்சாரம் போன நொடியில் நினைவகம் துடைக்கப்பட்டது. நினைவகத்தோடு சாட்சியும் போயிற்று.

சாட்சி இல்லாத இடத்தில் என்ன பிறக்கும்? சந்தேகம் பிறக்கும். அன்று இரவுப் பணியில் இருந்த இளைஞர் மேல் சந்தேகம் விழுந்தது. கேபிளைத் தொட்டிருப்பார், சுவிட்சை அணைத்திருப்பார் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். அவர் என்னிடம் வந்து, "சார், நான் அந்த ராக் கதவைக்கூடத் திறக்கலைங்க" என்றார். நான் அவரை நம்பினேன். ஆனால் நம்பிக்கை ஆதாரம் ஆகுமா? என் கையில் காட்டுவதற்கு ஒரு வரி இல்லை. அந்தத் தம்பியின் முகத்தை நான் மறக்கவில்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் நீதிமன்றங்களில் மரண வாக்குமூலத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சாகும் தறுவாயில் ஒருவர் பேசினால் மட்டும் போதுமா? படுக்கையருகே யாரேனும் இருக்க வேண்டும். காதில் வாங்க வேண்டும். எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை அந்த அறைக்கு வெளியே பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும். நம் கருவிகளின் படுக்கையருகே அமர்ந்திருக்கும் எழுத்தர்தான் லாக் ஷிப்பர்.

தோழர்களே, லாக் என்ற சொல் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து வந்தது. பாய்மரக் கப்பல் காலத்தில், முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டு ஓடின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணிப்பார்கள். அந்தக் கட்டைக்கு லாக் என்று பெயர். எண்ணிக்கையைக் குறித்து வைத்த ஏடு லாக் புத்தகம் ஆயிற்று. கப்பல் விபத்தில் சிக்கினால் முதலில் தேடப்படுவது அந்த ஏடு. இன்று நம் சர்வர் எழுதும் ஏட்டுக்கும் அதே பெயர்தான்.

இந்த ஏட்டுக்கு ஒரு பொது வழக்கத்தை உண்டாக்கியவர் எரிக் ஆல்மன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், 1980களில், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக அவர் எழுதிய துணைக் கருவிதான் சிஸ்லாக். மின்னஞ்சலுக்குப் பிறந்த பிள்ளை, உலகத்தின் எல்லா ரூட்டருக்கும் எல்லா ஃபயர்வாலுக்கும் பேச்சு மொழியாகிவிட்டது. வெகுகாலம் எழுதப்படாத வழக்கமாகவே இருந்து, 2001இல்தான் ஆர்.எஃப்.சி. 3164 என்ற ஆவணத்தில் விவரிக்கப்பட்டது. 2009இல் ஆர்.எஃப்.சி. 5424 அதை ஒழுங்குபடுத்தித் தரம் ஆக்கியது.

அதே பெர்க்லி மலையில் இன்னொரு கதையும் நடந்தது. 1986ஆம் ஆண்டு. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருக்கிறார். கணினி உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது. ஒரு டாலர்கூட இல்லை, முக்கால் டாலர். வேறொருவராக இருந்தால் "போகட்டும்" என்று விட்டிருப்பார். ஸ்டோல் விடவில்லை. துருவினார். யாரோ ஓர் அந்நியன் உள்ளே வந்து போவது தெரிந்தது.

அடுத்து அவர் என்ன செய்தார்? அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்த அந்நியன் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றக்கூடியவன். கணினிக்குள் எதை எழுதி வைத்தாலும் அவன் பார்ப்பான், அழிப்பான். ஆகவே ஸ்டோல் அலுவலகத்தில் கிடைத்த அச்சுக் கருவிகளையும் டெர்மினல்களையும் வாரிக்கொண்டு வந்து, உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகள் சுமார் 50இல் பொருத்தினார். அவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் இறங்கியது. காகிதத்தை எந்தக் கட்டளையால் அழிக்க முடியும்? அந்தத் தடம் முடிவில் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரம்வரை போனது.

ஸ்டோல் செய்தது என்ன? சாட்சியைச் சம்பவ இடத்திலிருந்து வெளியேற்றினார். அவ்வளவுதான். அந்த அச்சுக் கருவியின் இடத்தில் இன்று நாம் வைத்திருப்பது லாக் ஷிப்பர். ஃபைல்பீட் ஆகட்டும், ஃப்ளூயன்ட் பிட் ஆகட்டும், ஆர்சிஸ்லாக் ஆகட்டும், சிஸ்லாக்-என்ஜி ஆகட்டும், பெயர்கள் மாறலாம். கடமை ஒன்றே. வாக்குமூலத்தை வாங்கு. சிதையாமல் சும. பத்திரமான இடத்தில் சேர்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் சர்வர்.

நான் ஃபைல்பீட்டை எடுத்துக்கொள்கிறேன். 2015இல் அதன் முதல் பதிப்பு வந்தது. அதன் அமைப்புக் கோப்பு யாமல் வடிவத்தில் இருக்கும். யாமலில் இடைவெளிதான் இலக்கணம். எது எதற்குள் அடங்கும் என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே சொல்கிறது. அங்கே டேப் விசையைத் தட்டினால் கோப்பு செல்லாது. ஸ்பேஸ் விசையால் மட்டுமே உள்தள்ள வேண்டும். ஓர் இடைவெளி கூடினால் பொருள் மாறும், குறைந்தாலும் மாறும். எனவே எழுதி முடித்ததும் இரண்டு கட்டளைகளை ஓட்டாமல் எழுந்து போகாதீர்கள். "ஃபைல்பீட் டெஸ்ட் கான்ஃபிக்" என்பது கோப்பு சரியா என்று சொல்லும். "ஃபைல்பீட் டெஸ்ட் அவுட்புட்" என்பது மறுமுனைக்கு வழி திறந்திருக்கிறதா என்று சொல்லும். இரண்டு நிமிட வேலை. இரண்டு நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

அந்தக் கோப்பில் நாம் பதில் எழுதும் கேள்விகள் மூன்று. எந்தக் கோப்புகளைப் படிக்க வேண்டும்? எது ஒரு செய்தி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? படித்ததை எங்கே அனுப்ப வேண்டும்?

எந்தக் கோப்பு என்பது எளிய கேள்வி என்று நினைக்கிறோமா? உபுண்டுவில் நுழைவுப் பதிவுகள் ஆத்.லாக் கோப்பில் இருக்கும். ரெட் ஹேட் குடும்பத்தில் அதே பதிவுகள் செக்யூர் என்ற கோப்பில் இருக்கும். 2023இல் வந்த டெபியன் 12ஐ நிறுவினாலோ, ஆர்சிஸ்லாக் தானாக வராது. பதிவுகள் இயங்குதளத்தின் ஜர்னல் என்ற பதிவேட்டுக்குள் இருக்கும், ஆத்.லாக் என்ற கோப்பே இருக்காது. பழைய சர்வரின் அமைப்பை அப்படியே நகலெடுத்துப் புதிய சர்வரில் வைத்தால் என்ன நடக்கும்? ஷிப்பர் ஓடும். பச்சை விளக்கு எரியும். இல்லாத கோப்புக்காக அது காத்துக்கொண்டே இருக்கும். கோப்பு இருந்தாலும் படிக்க அனுமதி இருக்கிறதா? டெபியனிலும் உபுண்டுவிலும் பெரும்பாலான லாக்குகளை ஏ.டி.எம். என்ற குழுவினர்தான் படிக்க முடியும். ரூட் அதிகாரம் தராமல் ஷிப்பரைத் தனிப் பயனராக ஓட்டுகிறீர்களா? நல்லது, ஆனால் அந்தக் குழுவில் அதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

அடுத்து, எது ஒரு செய்தி? ஜாவா நிரல் ஒன்று இடறி விழுகிறது. பிழைச் செய்தி 40 வரிகளுக்கு நீள்கிறது. முதல் வரியில் தேதி, நேரம், பிழையின் பெயர். மற்ற 39 வரிகளும் எந்த நிரல் எதைக் கூப்பிட்டது என்று உள்தள்ளி எழுதப்பட்டவை. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஷிப்பர் இதை 40 தனித்தனிச் செய்திகளாக அனுப்பிவிடும். மறுமுனையில் அவை மற்ற சர்வர்களின் வரிகளோடு கலந்துபோகும். ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டிச் சந்தைக்கூட்டத்தில் வீசினால் யாரால் கோத்துப் படிக்க முடியும்? அதனால்தான் மல்டிலைன் விதி எழுதுகிறோம். "தேதியில் தொடங்காத வரி எதுவானாலும் அதற்கு முந்தைய வரியோடு சேர்த்துக்கொள்" என்ற ஒரு விதி. 40 வரிகளும் ஒரே வாக்குமூலமாக வந்து சேரும்.

இன்னொன்றைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளி நாட்களில் புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்திருப்போமே, நினைவிருக்கிறதா? நிறுத்திய பக்கத்தில் அதை வைத்துவிட்டால் மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். ஃபைல்பீட்டிடமும் ஒரு மயிலிறகு உண்டு. ரெஜிஸ்ட்ரி என்று பெயர். ஒவ்வொரு கோப்பிலும் எந்த இடம்வரை மறுமுனை பெற்றுக்கொண்டது என்று அதில் குறித்து வைக்கும். பெற்றேன் என்ற ஒப்புகை வந்த பிறகுதான் மயிலிறகு நகரும். நடுவில் ஷிப்பர் நின்றுபோனால்? எழுந்ததும் குறித்த இடத்திலிருந்து மறுபடி அனுப்பும். சில வரிகள் இரண்டு முறை போகலாம். ஆனால் விடுபடாது. சாட்சி சொன்னதையே இரண்டு முறை சொன்னால் தவறில்லை, சொல்லாமல் விட்டால்தான் தவறு என்பது அதன் கொள்கை.

அந்தக் கொள்கையை நாமே உடைப்பதும் உண்டு. லாக் கோப்பு பெருத்துப்போகாமல் இருக்க அதைச் சுழற்சி செய்கிறோம். பழைய கோப்புக்குப் பெயர் மாற்றிவிட்டுப் புதிய கோப்பைத் திறப்பது ஒரு முறை. ஷிப்பர் பழையதைப் படித்து முடித்துவிட்டுப் புதியதற்கு வரும். நகலெடுத்துவிட்டு அதே கோப்பின் உள்ளடக்கத்தை வெட்டிச் சுத்தமாக்குவது இன்னொரு முறை. வாசித்துக்கொண்டிருப்பவர் கையில் இருக்கும் புத்தகத்திலிருந்து பக்கங்களைக் கிழிப்பதற்குச் சமம் அது. படிக்காத வரிகள் அந்த இடைவெளியில் மறைந்துபோகலாம். உங்கள் சர்வரில் எந்த முறை இருக்கிறது? இன்று போனவுடன் பாருங்கள்.

சர்வரை முடித்தோம். இனி நெட்வொர்க் கருவிகள்.

ரூட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் இவற்றுக்குள் ஃபைல்பீட்டை நிறுவ முடியுமா? பெரும்பாலும் முடியாது. அவற்றுக்குத் தெரிந்த மொழி சிஸ்லாக். அவை கத்தும், நாம் கேட்க வேண்டும். எப்படிக் கத்துகின்றன? பெரும்பாலும் யு.டி.பி. வழியாக, 514 என்ற போர்ட்டுக்கு.

கட்டடம் கட்டும் இடத்தில் செங்கல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருப்பவர் செங்கல்லை வீசுவார், சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். மேலே ஆள் இருக்கிறாரா, அவர் கை காலியா என்று பார்த்து வீசினால் அது டி.சி.பி. பார்க்காமல் வீசிக்கொண்டே இருந்தால் அது யு.டி.பி. ஆள் நகர்ந்துவிட்டால் செங்கல் கீழே விழுந்து உடையும். வீசியவருக்கு அது தெரியவே தெரியாது. ஷிப்பரை மறுதொடக்கம் செய்யும் அந்தச் சில நொடிகளில் எத்தனை செங்கற்கள் உடைகின்றன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆகவே நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன். சாரத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்கட்டும். ஒரு சிறிய லினக்ஸ் இயந்திரத்தில் ஆர்சிஸ்லாக்கை ஓடவிட்டு, 514ஆம் போர்ட்டில் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கோப்பாக வட்டில் எழுதட்டும். அந்தக் கோப்புகளை ஃபைல்பீட் படித்து, எல்லா லாக்குகளும் வந்து சேரும் மையத்துக்கு அனுப்பட்டும். இப்போது ஃபைல்பீட்டை நிறுத்தலாம், மேம்படுத்தலாம், மையமே ஒரு மணி நேரம் படுத்துக்கிடக்கலாம். மயிலிறகு இருக்கிறது, வரிகள் வட்டில் இருக்கின்றன. கருவி டி.சி.பி. பேசும் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். டி.எல்.எஸ். பேசும் என்றால் 6514ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிர்வாகத்துக்கென்று தனி வி-லானை ஒதுக்குங்கள். சாட்சியம் தெருவில் திறந்த கடிதமாகப் போகக்கூடாது.

இப்போது ஒரு சிறிய கணக்கு. கையில் காகிதம் இருப்பவர்கள் எழுதிப் பாருங்கள். ரூட்டரிலிருந்து வரும் சிஸ்லாக் வரி ஓர் எண்ணோடு தொடங்கும். 189 என்று வைத்துக்கொள்வோம். அதை 8ஆல் வகுங்கள். ஈவு 23, மீதி 5. ஈவு என்பது யார் பேசுவது என்ற துறை எண். 23 என்பது லோக்கல்7. சிஸ்கோ ரூட்டர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் துறை அது. மீதி என்பது எவ்வளவு கடுமை. 0 என்றால் இயந்திரம் பயன்படுத்த முடியாத நெருக்கடி. 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 கவனிக்கத்தக்கது, 6 தகவல், 7 பிழைதேடும் நேரத்துச் சலசலப்பு. ஒரே எண்ணுக்குள் ஆளும் தெரிகிறது, அவசரமும் தெரிகிறது.

இந்தக் கடுமை எண்ணில்தான் நம்மில் பலர் வழுக்கி விழுகிறோம். "முக்கியமானது மட்டும் வந்தால் போதும், 4க்கு மேல் வேண்டாம்" என்று அமைத்துவிடுகிறோம். சிஸ்கோ ரூட்டரில் இணைப்பு அறுந்தது என்ற செய்தியின் கடுமை 3. அது வந்துவிடும். ஆனால் இந்தப் பயனர், இந்த முகவரியிலிருந்து வந்து, கட்டமைப்பை மாற்றினார் என்ற செய்தியின் கடுமை என்ன? 5. அது வராது. கதவு உடைந்தது தெரியும், சாவி போட்டுத் திறந்தவர் யார் என்பது தெரியாது. இதைவிடக் கொடுமை உண்டா? 6 என்று வையுங்கள். சிஸ்கோ தன் இயல்பில் வைத்திருப்பதும் 6தான். 7ஐ மட்டும் பிழைதேடும் நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

இன்னொரு சிறு அமைப்பு. ஒரு ரூட்டருக்குப் பல இடைமுகங்கள், பல முகவரிகள். எந்த வழியாகச் செய்தி வெளியேறுகிறதோ அந்த முகவரியோடு அது வந்து சேரும். ஒரே ஆள் ஒவ்வொரு கடிதத்திலும் வேறு வேறு விலாசம் எழுதினால் எப்படி இருக்கும்? லூப்பேக் இடைமுகத்தையே மூலமாக அமையுங்கள். எந்த வழியில் வந்தாலும் ஒரே விலாசம், ஒரே சாட்சி.

நண்பர்களே, இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் ஒன்று தவறினால் எல்லாம் வீண். அது என்ன? நேரம்.

ஃபயர்வால் 10.15 என்கிறது. சர்வர் 4.45 என்கிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றனவா, வேறு வேறா? இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். ஐந்தரை மணி நேரம். ஒன்று இந்திய நேரத்தில் எழுதுகிறது, மற்றது உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. பழைய சிஸ்லாக் வடிவத்தில் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி உண்டு. ஆண்டு இல்லை. எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் இல்லை. விடுபட்டதைப் பெறுபவர்தான் ஊகித்து நிரப்ப வேண்டும். ஊகத்தில் நிற்கும் சாட்சியம் குறுக்கு விசாரணையில் நிற்குமா?

சிஸ்கோ ரூட்டரின் லாக் வரியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சில வரிகளில் நேரத்துக்கு முன்னால் ஒரு சிறிய நட்சத்திரக் குறி இருக்கும். "என் கடிகாரத்தை நம்பாதே, யாரும் அதைச் சரிசெய்யவில்லை" என்று அந்தக் கருவி நம்மிடம் நேர்மையாகச் சொல்கிறது. நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு புள்ளி இருந்தால், "முன்பு சரியாக இருந்தேன், இப்போது நேரம் காட்டுபவரோடு தொடர்பு அறுந்துவிட்டது" என்று பொருள். ஒரு நட்சத்திரம், ஒரு புள்ளி. இவற்றைக் கவனிக்காமல் எத்தனை விசாரணைகளில் நாம் தவறான வரிசையில் கதையைக் கட்டியிருப்போம்!

மருந்து எளியது. டேவிட் மில்ஸ் என்ற அறிஞர் வகுத்து, 1985இல் முதல் ஆவணமாக வெளிவந்த என்.டி.பி. என்ற நெறிமுறை, உலகத்துக் கணினிகளின் கடிகாரங்களை ஒன்றோடொன்று இசைய வைத்துவருகிறது. நம் நாட்டில் இந்திய நேரத்தைக் காப்பது டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் நேர சர்வர்களோடு, அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வர்களோடு உங்கள் கருவிகளை இணையுங்கள். ரூட்டரின் நேர முத்திரையில் மில்லி நொடியையும் நேர மண்டலத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். வரும்போதே முழு நேரத்தோடு வரட்டும்.

இது என் விருப்பம் மட்டும் என்று எண்ணாதீர்கள். 2022 ஏப்ரல் 28 அன்று, இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் ஓர் உத்தரவு வெளியிட்டது. தகவல் தொழில்நுட்பக் கருவிகள் அனைத்தின் லாக்குகளையும் 180 நாட்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களை இப்போது நான் சொன்ன நேர சர்வர்களோடு இசைவாக வைக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆறு மணி நேரம்! லாக்குகள் 60 கருவிகளில் சிதறிக் கிடந்தால் ஆறு மணி நேரத்தில் என்ன செய்ய முடியும்? ஒவ்வொன்றின் கடவுச்சொல்லைத் தேடுவதற்கே பொழுது போய்விடும். திரட்டி வைத்தவருக்கே அந்த ஆறு மணி நேரம் போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டலாமா? கூடாது. வயலுக்குக் களையெடுப்பும் வேண்டும். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று சில நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் லோட் பேலன்சரின் வரிகள் நாள் முழுவதும் மலைபோலக் குவியும். அவற்றை ஷிப்பரிலேயே கழித்துவிடலாம். ஆனால் எதைக் கழிக்கிறோம், ஏன் கழிக்கிறோம் என்று அமைப்புக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் இல்லாத வரியைத் தேடி அலையக்கூடாது. கடவுச்சொல், ஆதார் எண், வங்கி அட்டை எண் இவற்றை ஏதாவது நிரல் தவறுதலாக லாக்கில் எழுதுகிறதா? முதலில் அந்த நிரலைத் திருத்துங்கள். திருத்தும்வரை ஷிப்பரில் அவற்றை மறைத்து அனுப்புங்கள். ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க வைத்த பெட்டகம், இன்னொரு குற்றத்துக்குக் கருவூலம் ஆகிவிடக்கூடாது.

கடைசியாக ஒன்று. நான் அதிகம் அஞ்சுவது எதற்குத் தெரியுமா? சத்தமாக வரும் எச்சரிக்கைக்கு அஞ்சவில்லை. மௌனத்துக்குத்தான் அஞ்சுகிறேன். நேற்றுவரை பேசிய ஃபயர்வால் இன்று பேசவில்லை. எல்லாம் நலம் என்று பொருளா? செய்தி வரும் வழி அடைபட்டது என்று பொருளா? யாரோ அதன் வாயைக் கட்டிவிட்டார் என்று பொருளா? திரையில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே, "இந்தக் கருவியிடமிருந்து ஒரு மணி நேரமாக ஒரு வரியும் வரவில்லை" என்று மணியடிக்கும் விதி ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள். மாதம் ஒருமுறை நீங்களே சோதித்துப் பாருங்கள். லினக்ஸ் சர்வரில் லாகர் என்ற கட்டளையால் ஒரு சோதனை வரி எழுதுங்கள். ரூட்டரில் கட்டமைப்புப் பகுதிக்குள் நுழைந்து, எதையும் மாற்றாமல் வெளியே வாருங்கள். அந்த வரி மையத்துக்கு வந்ததா? சரியான நேரத்தோடு வந்ததா? சரியான பெயரோடு வந்ததா? வந்தால்தான் அமைத்தோம் என்று சொல்லலாம். அதுவரை நிறுவியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தத் தம்பியின் கதைக்கு வருகிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு பழைய கணினியைத் துடைத்து, லினக்ஸ் நிறுவி, ஆர்சிஸ்லாக்கை ஓடவிட்டேன். மைய ஸ்விட்சின் லாக்கை அங்கே திருப்பினேன். சில வாரங்கள் கழித்து ஸ்விட்ச் மறுபடி விழுந்தது, அதே நள்ளிரவு வேளையில். இந்த முறை காலையில் நான் ஸ்விட்சுக்குள் போகவில்லை. அந்தப் பழைய கணினியைத் திறந்தேன். வரிகள் இருந்தன. விழுவதற்கு இருபது நிமிடங்களுக்கு முன், மின்விசிறி ஒன்று நின்றுவிட்டது என்று ஒரு வரி. பிறகு வெப்பநிலை எல்லையைத் தாண்டுகிறது என்று ஒரு வரி. அதே செய்தி மறுபடி, மறுபடி. ஏறிக்கொண்டே போன வெப்பநிலை. அதன் பிறகு எதுவும் இல்லை. போய்ப் பார்த்தால், அந்த அறையின் குளிர்சாதனம் இரவில் தானாக நின்றுகொண்டிருந்தது.

அந்த ஸ்விட்ச் இருபது நிமிடங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் முறையும் சொல்லியிருக்கும். அன்று கேட்க ஆள் இல்லை.

அந்த வரிகளைக் காகிதத்தில் அச்செடுத்தேன். தம்பியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். அவர் நின்ற இடத்திலேயே ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தேங்க்ஸ் சார்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

மாணவச் செல்வங்களே, லாக் என்றால் திருடனைப் பிடிக்கும் கருவி என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது உண்மை. ஆனால் குற்றமற்ற ஒரு மனிதரின் சட்டைப் பையில் மடித்து வைக்கக்கூடிய காகிதமும் அதுதான். நீங்கள் எழுதப்போகும் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரியும், என்றோ ஓர் இரவில், யாரோ ஒருவருக்காகப் பேசப்போகிறது. அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். இடைவெளி விட்டு, சரிபார்த்து, சோதித்து எழுதுங்கள்.